கடவுச்சொல் சரி, ஆனாலும் டேட்டாபேஸ் இணையவில்லை: ஏன்?

கணக்கு மென்பொருளை சர்வரில் நிறுவும்போது, எல்லா விவரங்களையும் சரியாகக் கொடுத்தும் 'டேட்டாபேஸுடன் இணைக்க முடியவில்லை' என்றே வருகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். கடவுச்சொல்லை மாற்றி மாற்றி அடிப்பது வீண் வேலை. முதலில் பிழை எண்ணைப் பாருங்கள்.

டேட்டாபேஸை நடத்தும் மைஎஸ்க்யூஎல் மென்பொருளில் 2002 என்ற பிழை வந்தால், பேச்சு கடவுச்சொல் வரை போகவே இல்லை. டேட்டாபேஸ் சேவை ஓடுகிறதா என்று பாருங்கள். ஓடுகிறது என்றால், பெரும்பாலும் ஹோஸ்ட் பெயரில், அதாவது டேட்டாபேஸ் இருக்கும் கணினியின் முகவரியில்தான் கோளாறு. லினக்ஸில் 'லோக்கல்ஹோஸ்ட்' என்று எழுதினால், உங்கள் மென்பொருளை ஓட்டும் பிஎச்பி மொழி நெட்வொர்க் வழியே போகாமல் ஒரு சாக்கெட் கோப்பை (ஒரே கணினியில் உள்ள நிரல்கள் பேசிக்கொள்ளும் வழி) தேடும். அது வேறு இடத்தில் இருந்தால் தோல்விதான். ஹோஸ்ட் பெயருக்குப் பதில், அதே கணினியைக் குறிக்கும் 127.0.0.1 என்று எழுதிப் பாருங்கள். இணைப்பு நெட்வொர்க்கில் வழக்கமான 3306 போர்ட் (வாசல் எண்) வழியே போகும். மென்பொருள் டாக்கர் கன்டெய்னரில் (நிரலைத் தனியே அடைத்து ஓட்டும் பெட்டி) இருந்தால் இதுவும் உதவாது, ஏனெனில் அந்த முகவரி கன்டெய்னரையே குறிக்கும். டேட்டாபேஸ் சேவையின் பெயரைக் கொடுக்க வேண்டும்.

1049 என்றால் அந்தப் பெயரில் டேட்டாபேஸே இல்லை, உருவாக்கிவிடுங்கள்.

1045 வந்தால் சர்வர் உங்களை அனுமதிக்க மறுக்கிறது. மைஎஸ்க்யூஎல் கணக்கு என்பது பயனர்பெயரும், அவர் எந்தக் கணினியிலிருந்து இணைகிறாரோ அந்த ஹோஸ்டும் சேர்ந்தது. பிழைச்செய்தியில் '@' குறிக்குப் பின்னால் உள்ள ஹோஸ்டுக்கு அனுமதி இருக்கிறதா என்று பாருங்கள். ரூட் என்ற தலைமை நிர்வாகிக் கணக்கைக் கொடுத்திருந்தால் அதை விட்டுவிடுங்கள். உபுண்டு லினக்ஸில் இயல்பாக அது கடவுச்சொல்லையே ஏற்பதில்லை. தனிப் பயனரை உருவாக்கி, அந்த ஒரு டேட்டாபேஸுக்கு மட்டும் உரிமை கொடுங்கள்.