இருவரும் வேலைக்குப் போகிறோம், வாடகை ஃபிளாட். நாய்க்குட்டி வாங்குவதா, காப்பகத்திலிருக்கும் வயதான நாயைக் கொஞ்ச காலம் ஃபாஸ்டருக்கு, அதாவது யாராவது தத்தெடுக்கும்வரை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ள, எடுப்பதா?

தாராளமாகக் கிழட்டு நாயையே எடுங்கள். உங்கள் வீட்டுக்கு அதுதான் சரிப்படும். குட்டி என்றால் பகல் முழுக்க ஆள் வேண்டும், மணிக்கொரு தரம் மூத்திரம், செருப்பு போகும், சோபா போகும். வயதானது நீங்கள் ஆபீஸ் கிளம்பியதும் தூங்கும், திரும்பி வந்ததும் எழுந்து வாலை ஆட்டிவிட்டு மறுபடி தூங்கும். இப்படிச் சொன்னதும் "அந்தக் காசில் ஒரு ஏழைப் பிள்ளையைப் படிக்கவைக்கலாமே" என்று கீழே கமெண்டில் யாராவது வருவார்கள். படிக்கவையுங்கள் சார், நான் தடுக்கவில்லை. எனக்கும் மாதச் சம்பளம்தான், இஎம்ஐ இருக்கிறது.

நாங்கள் சென்னையில், மடிப்பாக்கம் பக்கம். எங்களிடம் வந்தவள் ராணி, லேப்ரடார், பத்து வயதிருக்கும் என்றார்கள். வயிறு முழுக்கக் காம்புகள் தொங்கிக் கிடந்தன. குட்டி விற்கிற ஆள் யாரோ, இனி ஈனமாட்டாள் என்று தெரிந்ததும் ரோட்டில் அவிழ்த்துவிட்டிருக்கிறார். 2017இல் வந்த மத்திய அரசு விதிப்படி ஒரு பெட்டை நாய் ஆயுளில் 5 ஈற்றுக்கு மேல் போடக் கூடாது, 8 வயதுக்கு மேல் ஈனவைக்கவே கூடாது. யார் போய்ப் பார்க்கிறார்கள்? குட்டி வாங்குகிற நம்மில் எத்தனை பேர் தாயைக் காட்டு என்று கேட்கிறோம்?

சரி, ராணிக்கு வருகிறேன். எங்கள் வீட்டில் வழவழவென்று டைல்ஸ். பின்னங்கால் இரண்டும் ஆளுக்கொரு பக்கம் வழுக்கி, நடு ஹாலில் உட்கார்ந்துவிடுவாள். எழவும் முடியாது, குரல் கொடுக்கவும் மாட்டாள், எங்களையே பார்த்துக்கொண்டிருப்பாள். படுக்கையிலிருந்து தண்ணீர்க் கிண்ணம் வரைக்கும், அங்கிருந்து பால்கனி வரைக்கும் ரப்பர் பாய் விரித்தோம். அதன்பின் தண்டவாளத்தில் போகிற ரயில் மாதிரி அந்தப் பாயை விட்டு இறங்கவே இல்லை.

"ஏற்கெனவே ஒரு கெழவி முட்டி வலின்னு உக்காந்திருக்கேன், இன்னொண்ணு வேறயா?" என்று கேட்ட அம்மாதான் பிறகு அவளுக்கு மோர் சாதம் பிசைந்து வைத்தார். ஒருநாள் தன் முட்டி வலி மாத்திரையில் பாதியைக் கொடுக்கட்டுமா என்று கேட்டபோதுதான் பதறிவிட்டேன். தயவுசெய்து இதை மட்டும் செய்யாதீர்கள். ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் எல்லாம் நாயின் குடலையும் கிட்னியையும் கெடுத்துவிடும். பூனைக்கு ஒரு பாராசிட்டமால் மாத்திரையே உயிரை வாங்கிவிடும்.

அடுத்து லிஃப்ட். முப்பது கிலோ நாயை மூன்றாவது மாடிக்குத் தூக்க முடியுமா? நாய் லிஃப்டில் வரக் கூடாது என்று எங்கள் அசோசியேஷனில் நோட்டீஸ் ஒட்டினார்கள். விலங்குகள் நல வாரியம் 2015இல் விட்ட வழிகாட்டுதலில் அப்படித் தடை போட முடியாது என்று இருக்கிறது. வேண்டுமானால் வேறு லிஃப்டைப் பயன்படுத்தச் சொல்லலாம், அவ்வளவுதான். அதைப் பிரிண்ட் எடுத்துச் செயலாளரிடம் நீட்டினேன். இத்தனைக்கும் அவருடைய இரண்டாவது கார் வருஷக்கணக்காக விருந்தினர் பார்க்கிங்கில் நிற்கிறது, ஊரிலிருந்து வரும் என் மச்சான் தெருவில் வண்டியை விட்டு அபராதம் கட்டுகிறார், அதற்கு ஒரு நோட்டீஸ் கிடையாது. மெயின்டனன்ஸ் கணக்கை அவர் காட்டுகிற லட்சணத்தைப் பேச ஆரம்பித்தால் இந்தப் பதில் முடியாது.

காப்பகத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன் மருத்துவச் செலவு யாருடையது என்று கேட்டு எழுதி வாங்குங்கள். நான் எடுத்த இடத்தில் "நாங்க பாத்துக்கறோம் சார்" என்றார்கள், பில்லை அனுப்பினால் பதில் இல்லை. எல்லா இடமும் அப்படி என்று சொல்லவில்லை, ஆளில்லாமல், இடமில்லாமல் அவர்கள் படும் பாடும் தெரியும். ரத்தப் பரிசோதனை எடுத்தார்களா என்று கேளுங்கள். கிட்னி நிலையைக் காட்டும் கிரியேட்டினினும், உண்ணி கடித்து வரும் காய்ச்சலில் இறங்கிவிடும் பிளேட்லெட்டும் முக்கியம், ஏனென்றால் நம் ஊர் நாய்களுக்கு அந்தக் காய்ச்சல் சர்வசாதாரணம். கண் நீலம் பாய்ந்த மாதிரி இருந்தால் உடனே குருடு என்று ஒதுக்காதீர்கள். எல்லாமே புரை இல்லை, வயதானால் லென்ஸ் தடித்தும் அப்படித் தெரியும், பார்வை ஓரளவு இருக்கும். தனியார் டாக்டர் கட்டுப்படியாகவில்லை என்றால் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. கூட்டம்தான், ஆனால் செலவு குறைவு. நாயைப் பார்த்ததும் ஆட்டோக்காரர்கள் நிற்காமல் போவார்கள், தெரிந்த ஆட்டோ ஒன்றைப் பேசி வையுங்கள்.

ராணியைத் தாம்பரத்தில் தனி வீட்டிலிருக்கும் ஓய்வுபெற்ற தம்பதி தத்தெடுத்துக்கொண்டார்கள். அம்மா கொஞ்ச நாள் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. இப்போது ஃபாஸ்டருக்கு ஒரு கிழட்டுப் பூனை, கிட்னி கோளாறு. மனைவி கழுத்துத் தோலைக் கூடாரமாகத் தூக்கிப் பிடிக்க, நான் ஊசி குத்தி சலைன் ஏற்றுகிறேன். டாக்டர்தான் சொல்லிக்கொடுத்தார், பழகிவிட்டது.

வாடகை வீடு என்கிறீர்கள், ஓனரிடம் பேசிவிட்டே காப்பகத்துக்குப் போங்கள். வயதான நாய், குட்டி மாதிரி ரகளை பண்ணாது என்று சொல்லிப் பாருங்கள். ராணி எங்கள் வீட்டில் குரைத்தது கூரியர்காரரைப் பார்த்து மட்டும்தான், அதுவும் படுத்துக்கொண்டே.