ஐந்து ஓவியம் போதும்

கேள்வி: அலுவலக வேலையாகப் பெரிய நகரங்களுக்குப் போகும்போது ஒரு மதியம் மட்டும் ஓய்வு கிடைக்கிறது. அருங்காட்சியகத்துக்குப் போனால் கூடம் கூடமாக நடந்து கால் வலிதான் மிச்சம். எதுவும் மனதில் நிற்பதில்லை. எப்படித்தான் பார்ப்பது?

பதில்: எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும் என்ற ஆசையை முதலில் விடுங்கள். பாரிஸின் லூவ்ரில் காட்சிக்கு இருப்பவை மட்டுமே சுமார் 35,000. ஒன்றுக்கு ஒரு நிமிடம் என்றாலும், ஊண் உறக்கம் இல்லாமல் 24 நாள் நடக்க வேண்டும். உங்கள் சோர்வும் புதிதல்ல. பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் பணியாற்றிய பெஞ்சமின் ஐவ்ஸ் கில்மன் 1916-லேயே இதைப் பற்றி எழுதினார். காட்சிப் பெட்டிகளைப் பார்க்க ஒருவர் எப்படியெல்லாம் குனிந்து வளைய வேண்டியிருக்கிறது என்பதைப் புகைப்படம் எடுத்தே காட்டினார்.

நான் ஒரு பகுதியை மட்டும் எடுத்துக்கொள்வேன். முதலில் எங்கும் நிற்காமல் ஒரு சுற்று. எது என்னைத் திரும்பிப் பார்க்க வைத்ததோ, அவற்றில் ஐந்தை மட்டும் தேடித் திரும்பிப் போவேன். ஒவ்வொன்றுக்கும் பத்து நிமிடம். பக்கத்தில் ஒட்டியிருக்கும் குறிப்பைக் கடைசியில்தான் படிப்பேன். நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகப் பார்வையாளர்களைக் கவனித்து 2001-இல் வெளியான ஓர் ஆய்வின்படி, ஒரு படைப்பின் முன் மக்கள் நின்ற சராசரி நேரம் சுமார் 27 வினாடி. அதற்குள் என்ன கண்ணில் படும், சொல்லுங்கள்?

ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ்மியூசியத்தில் ரெம்பிராண்ட் 1642-இல் முடித்த ‘இரவுக் காவல்’ இருக்கிறது. முதல் பார்வைக்கு ஒரே கூட்டம், ஈட்டிகள், இருட்டு. கொஞ்சம் நின்றால், காவல் படைக் கேப்டன் நீட்டிய கையின் நிழல் பக்கத்தில் நிற்பவரின் மஞ்சள் உடைமேல் விழுவது தெரியும். இரவில் ஏது இவ்வளவு தெளிவான நிழல்? உண்மையில் அது பகல் காட்சிதான். மேலே பூசிய வார்னிஷ் காலப்போக்கில் கருத்துப்போனதில் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. இன்னும் நின்றால், கூட்டத்துக்கு நடுவே ஒளி விழும் சிறுமியின் இடுப்பில் ஒரு கோழி தலைகீழாகத் தொங்குவது தெரியும். இதற்கெல்லாம் வழிகாட்டி தேவையில்லை. நேரம் கொடுத்தால் கண்ணே கண்டுபிடிக்கும்.

கேள்வி: நவீன ஓவியக் கண்காட்சிக்குள் நுழையவே தயக்கமாக இருக்கிறது. எனக்கு ஒன்றும் புரியாது என்று மற்றவர்களுக்குத் தெரிந்துவிடுமோ?

பதில்: தயங்காமல் போங்கள். பழக்கப்பட்ட கண்களும் தடுமாறியிருக்கின்றன. 1874-இல் மோனே, ரெனுவார், டெகா முதலியோர் பாரிஸில் சொந்தமாகக் கண்காட்சி வைத்தபோது, லூயி லெரோய் என்ற விமர்சகர் மோனேயின் ‘இம்ப்ரெஷன், சூரிய உதயம்’ என்ற ஓவியத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு அவர்களை ‘இம்ப்ரெஷனிஸ்டுகள்’ என்று கேலி செய்தார். அந்தப் பெயரே நிலைத்தது.

‘இதற்கு என்ன அர்த்தம்?’ என்று தொடங்காதீர்கள். வண்ணம் எங்கே தடித்திருக்கிறது, தூரிகை எந்தப் பக்கம் இழுத்திருக்கிறது, நாலடி பின்னால் போனால் என்ன மாறுகிறது என்று பாருங்கள். சிறிய காலரிகளில் பல நேரம் ஓவியரே அங்கு இருப்பார். ‘இதில் முதலில் எதை வரைந்தீர்கள்?’ என்று கேட்டால், பெரும்பாலும் மகிழ்ச்சியாகவே பேசுவார். வாங்கத்தான் வேண்டும் என்பதில்லை. ஓவியத்தின் பக்கத்தில் சிவப்புப் புள்ளி ஒட்டியிருந்தால் அது விற்றுவிட்டது என்று பொருள். அவ்வளவு பிறகும் ஓர் ஓவியம் பிடிக்கவில்லையென்றால், பிடிக்கவில்லைதான். அதைச் சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு.

கேள்வி: சில அறைகளை ஏன் இவ்வளவு மங்கலாக வைத்திருக்கிறார்கள்?

பதில்: நீர்வண்ணம், காகிதம், துணி இவற்றை வெளிச்சம் அரிக்கும். ஒருமுறை வெளுத்த நிறம் திரும்பாது. அதனால் வெளிச்சத்தைப் பொதுவாக 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) அளவில் நிறுத்துகிறார்கள். வாசலில் ஓரிரு நிமிடம் நில்லுங்கள், கண் பழகிவிடும்.

கேள்வி: ஏழு வயது மகனைக் கூட்டிப் போகலாமா? சலித்துவிடுவானே?

பதில்: கட்டாயம் கூட்டிப் போங்கள். விளக்கம் சொல்வதை விட்டுவிட்டு அவனுக்குத் தேடும் வேலை கொடுங்கள். நான் சொன்ன ரெம்பிராண்ட் ஓவியத்திலேயே முரசு அடிப்பவரைப் பார்த்துக் குரைக்கும் நாய் ஒன்று உண்டு. பெரியவர்கள் கோட்டைவிடும் அதைப் பிள்ளைகள் பிடித்துவிடுவார்கள். ஒரு சின்ன நோட்டும் பென்சிலும் கையில் இருக்கட்டும். பல இடங்களில் பேனாவுக்கு அனுமதி இல்லை, பென்சிலுக்கு உண்டு. பிடித்த ஒன்றை அவன் தரையில் உட்கார்ந்து வரையும்போது அவசரப்படுத்தாதீர்கள், திருத்தவும் செய்யாதீர்கள்.

மே 18 சர்வதேச அருங்காட்சியக நாள். 1977 முதல் கொண்டாடுகிறார்கள். அதையொட்டிப் பல நகரங்களில் சிறுவர்களுக்கான பட்டறைகள் நடக்கும். முதல் தடவைக்கு அதுவே வசதி. மற்ற நாளில் என்றால் காலையில் கதவு திறந்ததும் போய்விடுங்கள், கூட்டம் குறைவாக இருக்கும். முக்கால் மணி நேரத்தில், அவன் இன்னும் பார்க்கிறேன் என்று சொல்லும்போதே கிளம்பிவிடுங்கள்.