ஹானர் ஃப்ளைட்: துணையாகப் போகிறவர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

அமெரிக்கப் படைகளில் பணியாற்றிய முதியவர்களை ஊர் மக்களின் நன்கொடையில் வாஷிங்டனுக்கு அழைத்துப்போய், போர் நினைவிடங்களைக் காட்டி, பெரும்பாலும் அன்றிரவே வீடு சேர்ப்பதுதான் ஹானர் ஃப்ளைட். 2005 மே மாதம் ஒஹாயோவின் ஸ்பிரிங்ஃபீல்டிலிருந்து 6 சிறு விமானங்களில் 12 பேர் போனதுதான் தொடக்கம்.

பக்கத்து வீட்டுத் தாத்தா கொரியப் போர்க் காலத்தில் ராணுவத்தில் இருந்தவர். ஆனால் அவரை ஜெர்மனிக்குத்தான் அனுப்பினார்களாம். "நான் சண்டையே போடலையே" என்று தயங்குகிறார்.

தாராளமாக விண்ணப்பிக்கலாம். எந்தக் காலத்தில் பணியில் இருந்தார் என்பதுதான் கணக்கு, எங்கே நின்றார் என்பதல்ல. அவருக்கு ஒரு காசும் செலவில்லை. இரண்டாம் உலகப் போர்க்காரர்களுக்கு முன்னுரிமை, பிறகு கொரியா, வியட்நாம். தீராத நோயில் இருப்பவர் எந்தப் போர்க் காலத்தவரானாலும் முன்னால் வந்துவிடுவார். ஆகவே நோய் விவரத்தைச் சங்கடப்பட்டு மறைக்காமல் விண்ணப்பத்தில் எழுதுங்கள்.

படையிலிருந்து விடுவித்தபோது கொடுத்த டி.டி.-214 என்ற பணிச் சான்று தொலைந்துவிட்டது. எழுதிக் கேட்டால் "ஆவணம் இல்லை" என்று பதில் வருகிறது.

1973 ஜூலை 12 அன்று படையினரின் பணிக் கோப்புகளை வைத்திருந்த செயின்ட் லூயிஸ் ஆவணக் காப்பகத்தில் பிடித்த தீயில் 1.6 முதல் 1.8 கோடி கோப்புகள் எரிந்துபோயின. 1960க்கு முன் விடுவிக்கப்பட்ட ராணுவத்தினரின் கோப்புகளில் ஏறத்தாழ 80 சதவீதம் போய்விட்டது. அந்தத் தாத்தாவின் கோப்பும் அதில் ஒன்றாக இருக்கலாம். முதலில் அவர் பணி முடிந்து திரும்பிய கவுன்டியின் பதிவு அலுவலகத்தில் கேளுங்கள். அந்நாளில் பலர் அங்கே ஒரு பிரதியைப் பதிந்து வைத்தார்கள். அங்கும் இல்லையென்றால், கோப்பை மறுபடி தொகுத்துத் தருவதற்கென்று காப்பகத்தில் படிவம் இருக்கிறது. படைப்பிரிவு, முகாம், தேதி என்று எவ்வளவு நிரப்புகிறீர்களோ அவ்வளவு பலன். இதற்கு மாதக்கணக்காகலாம். கையில் உள்ள மற்ற சான்றுகளை ஏற்பார்களா என்று ஹானர் ஃப்ளைட்டின் உள்ளூர்க் கிளையிடம் இதற்கிடையே கேட்டுவிடுங்கள்.

அவர் மனைவியே துணையாகப் போகலாமா?

பெரும்பாலான கிளைகளில் முடியாது. நாள் முழுக்கத் தள்ளவும் தூக்கவும் வேண்டிய உடலுழைப்பு இது. மகனோ பேரனோ நீங்களோ போகலாம். துணையாளர் தன் செலவைத் தானே கட்டவேண்டும். தொகை கிளைக்குக் கிளை மாறும்.

நன்றாக நடப்பவருக்குச் சக்கர நாற்காலி எதற்கு?

பொழுது விடியுமுன் கிளம்பி, இரவு வெகுநேரம் கழித்துத் திரும்பும் நாள் இது. வீட்டுக்குள் நடப்பதை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். "எல்லாருக்கும் ஒன்று தருகிறார்கள், கூடவே வரட்டும்" என்று சொன்னால் மறுக்கமாட்டார். எழும்போது இரண்டு பிரேக்கையும் போட்டு, கால்பலகையை மேலே மடித்த பிறகே கைகொடுங்கள். கால்பலகையை மிதித்து எழுந்தால் நாற்காலி முன்பக்கம் கவிழும். சரிவில் இறங்கும்போது நீங்கள் பின்னோக்கி நடந்து, நாற்காலியை உங்கள் பக்கம் தாங்கி இறக்குங்கள்.

இன்னொன்று: கழிவறைக்கு அலையக்கூடாதென்று பலர் தண்ணீரே குடிக்காமல் இருப்பார்கள், சிறுநீர் மாத்திரையையும் தாமாகவே நிறுத்திவிடுவார்கள். மதியத்தில் தலைசுற்றல் வருவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். மாத்திரை நேரத்தை மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டு எழுதி வாங்குங்கள். அவர் கேட்குமுன் நீங்களே கழிவறைக்குக் கூட்டிப்போங்கள்.

ஆக்சிஜன் தேவைப்படுகிறவர்?

சொந்த சிலிண்டர் விமானத்தில் ஏறாது. அனுமதி பெற்ற கையடக்கக் கான்சென்ட்ரேட்டர் (காற்றிலிருந்தே ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் கருவி) வேண்டும். பறக்கும் நேரத்தைப்போல் ஒன்றரை மடங்குக்கு பேட்டரி வேண்டும். ஆனால் அது விமானத்துக்கு மட்டுமான கணக்கு. தரையில் கழியும் பகல் முழுவதற்கும் தனியாகச் சேருங்கள்.

வியட்நாம் போரில் இறந்தவர்களின் பெயர் பொறித்த நினைவுச் சுவரில் அவருடைய நண்பரின் பெயரைத் தேடவேண்டும்.

வீட்டிலேயே பலகை எண்ணையும் வரி எண்ணையும் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். 58,000க்கும் மேற்பட்ட பெயர்கள் அங்கே இருப்பது அகர வரிசையில் அல்ல, உயிரிழந்த தேதி வரிசையில். இரு சுவர்களும் கூடும் நடுமூலையில் தொடங்கி, கிழக்குக் கோடிவரை போய், மேற்குக் கோடியிலிருந்து மறுபடி நடுவுக்கு வரும். ஒன்றுவிட்டு ஒரு பலகையில் பத்து வரிக்கு ஒரு சிறு புள்ளி இருக்கும். அதைப் பிடித்து எண்ணுங்கள். பெயரைப் படியெடுக்கத் தாளை மேலும் கீழும் நீங்கள் பிடித்துக்கொள்ள, அவர் பென்சிலைப் படுக்கவைத்துத் தேய்க்கட்டும். தாள் நகர்ந்தால் எழுத்து இரட்டிக்கும். மெருகேற்றிய கறுப்புக் கல் என்பதால் பெயர்களுக்கு மேலேயே அவர் முகமும் தெரியும். அந்த நேரத்தில் எதுவும் கேட்காதீர்கள், படமும் எடுக்காதீர்கள். நாற்காலியின் பிரேக்கைப் போட்டுவிட்டு இரண்டடி பின்னால் நில்லுங்கள்.

திரும்பும்போது கடிதம் கொடுப்பார்களாமே?

ஆமாம், போர்முனையில் தபால் வந்ததைப்போலப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கொடுப்பார்கள். குடும்பத்தாரிடமும் தெருவாரிடமும் அவருக்குத் தெரியாமல் வாங்கி, கிளை சொல்லும் தேதிக்குள் சேர்த்துவிடுங்கள். பெரிய எழுத்தில் எழுதச் சொல்லுங்கள்; விமானத்தில் வெளிச்சம் குறைவு.