துக்க வீட்டில் கடவுளுக்கு வக்காலத்து

வணக்கம் ஐயா,

நாங்கள் நாசரேத் பக்கம், பரம்பரையாக சி.எஸ்.ஐ. சபை. தங்கை மகனுக்கு ஆறு வயது. ரத்தப் புற்றுநோய் என்று ஒன்றரை வருடம் வைத்தியம் பார்த்தோம், பிப்ரவரியில் போய்விட்டான். சபையில் உபவாச ஜெபம் வைத்தார்கள், தங்கை பொருத்தனை பண்ணினாள். அடக்கத்துக்கு வந்தவர்கள் எல்லாரும் "தேவ சித்தம்" என்றார்கள். பொறுத்துக்கொண்டேன். மூன்றாம் நாள் வீட்டு ஜெபக் குழு நடத்தும் ஒருவர் வந்து, "அறிக்கையிடாத பாவம் ஏதும் குடும்பத்தில் உண்டா, யோசித்துப் பாருங்கள்" என்று தங்கையிடமே கேட்டார். அன்றிலிருந்து அவள் சரியாகச் சாப்பிடுவதில்லை. "அண்ணே, நான் என்ன பாவம் செஞ்சேன்?" என்று கேட்டபடி இருக்கிறாள். கடவுள் அன்பானவர், சர்வ வல்லவர் என்றால் இது ஏன்? இப்படிக் கேட்பதே அவிசுவாசம் என்கிறார் அப்பா. நான் இன்னும் கிறிஸ்தவன்தானா என்றே தெரியவில்லை. அடுத்த மாதம் நினைவு ஜெபம் வைக்கிறார்கள். எனக்குப் போகவே மனமில்லை.

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள நண்பருக்கு,

முதலில் தங்கையின் கேள்வி. அவர் செய்த எந்தப் பாவத்தாலும் பிள்ளை சாகவில்லை. இதைச் சொல்ல இறையியல் பட்டம் வேண்டியதில்லை, உங்கள் வீட்டில் இருக்கும் வேதப் புத்தகமே போதும். நான் ஞானஸ்நானம் பெற்றவன் அல்ல, சபைக்குப் போகிறவனும் அல்ல. ஆனால் அந்த வேதத்தில் இருக்கும் யோபின் புத்தகத்தைத் திரும்பத் திரும்ப வாசிப்பவன். மூன்றாம் நாள் வந்தவர் பேசியதை அதில் ஒருவன் ஏற்கெனவே பேசிவிட்டான். அவன் பெயர் பில்தாத், யோபின் நண்பன். ஒரே நாளில், வீடு இடிந்து விழுந்து, பத்துப் பிள்ளைகளைப் பறிகொடுத்த தகப்பன் யோபு எதிரே உட்கார்ந்திருக்கிறான். அவனிடம், உம் பிள்ளைகள் பாவம் செய்தார்கள், அதற்கான பலனை வாங்கிக்கொண்டார்கள் என்ற பொருள்பட எட்டாம் அதிகாரத்தில் பேசுகிறான்.

துக்க வீடுகளில் நாம் கேட்பது யோபின் முதல் அதிகாரம் மட்டும்தான்: "கர்த்தர் கொடுத்தார், கர்த்தர் எடுத்தார்." சாட்சிக் கூட்டங்களில் கடைசி அதிகாரம் வரும்: இழந்ததெல்லாம் இரண்டத்தனையாகத் திரும்பக் கிடைத்தது. மொத்தம் 42 அதிகாரங்கள். நடுவில் இருப்பதை வாசித்துப் பிரசங்கிக்கும் ஐயர்மார் (சபைப் போதகர்கள்) குறைவு. ஏன் என்று ஊகிக்கலாம். மூன்றாம் அதிகாரத்தில் யோபு தான் பிறந்த நாளையே சபிக்கிறான். பிறகு கடவுளை வழக்குக்கு இழுக்கிறான். ஆறுதல் சொல்ல வந்த நண்பர்களைப் பார்த்து "காரியத்துக்குதவாத வைத்தியர்கள்" என்கிறான், "அலட்டுண்டாக்குகிற தேற்றரவாளர்" என்கிறான். இதையெல்லாம் விட எனக்குப் பெரிதாகப் படுவது பதின்மூன்றாம் அதிகாரத்தில் அவன் கேட்பது: "தேவனுக்காக வழக்காடுவீர்களோ?" கடவுளுக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்று பொய் சொல்லாதீர்கள் என்கிறான்.

அந்த நண்பர்கள் பேசியதில் வசனத்துக்கு வசனம் பார்த்தால் பெரிய தப்பு ஒன்றும் தெரியாது. கடவுள் நீதியுள்ளவர், பாவம் தண்டிக்கப்படும், மனந்திரும்பினால் வாழ்வு. எந்தக் கன்வென்ஷனிலும் பேசலாம். ஆனால் கடைசியில் கடவுளே அந்த நண்பர்களில் ஒருவனான எலிப்பாசிடம் சொல்கிறார்: என் தாசனாகிய யோபு பேசினதுபோல் நீங்கள் என்னைக் குறித்து நிதானமாய்ப் பேசவில்லை. கத்தியவன் பேச்சு சரி, கடவுள் தரப்பில் நின்று பேசியவர்கள் பேச்சு தப்பு. பற்றாததற்கு, அவர்களுக்காக யோபுதான் ஜெபிக்க வேண்டும் என்றும் உத்தரவு. அப்பாவிடம் இந்த இடத்தைக் காட்டுங்கள். கேள்வி கேட்பது அவிசுவாசம் என்றால் இந்தப் புத்தகத்தை வேதாகமத்தில் சேர்த்தவர்கள் எல்லாரும் அவிசுவாசிகள்தான்.

விபத்திலிருந்தும் வியாதியிலிருந்தும் கடவுளின் மனசைக் கணக்குப் போட்டுக் கண்டுபிடிக்கும் ஆசை பழையது. 1755 நவம்பர் 1, சகல புனிதர் திருநாள். போர்ச்சுகலின் லிஸ்பன் நகரத்தில் காலைப் பூசைக்குக் கோயில்கள் நிரம்பியிருந்த நேரத்தில் நிலம் நடுங்கியது. பீடங்களில் எரிந்த மெழுகுவத்திகளும் தீ பரவக் காரணமாயின. கடலும் பொங்கி வந்தது. கப்ரியேல் மலக்ரிதா என்ற சேசு சபைக் குரு மறு வருடமே ஒரு சிறு நூல் எழுதினார்: இது இயற்கை அல்ல, நாடகம், கூத்து, காளைச் சண்டை என்று திரிந்த நகரத்துக்குக் கிடைத்த தண்டனை. இங்கிலாந்தில் மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி எழுதிய நூலோ அந்த ஊரின் விசாரணைச் சபை (மாற்றுக் கருத்துடையவர்களைத் தண்டித்த கத்தோலிக்க மத நீதிமன்றம்) சிந்திய ரத்தத்தைச் சுட்டியது. நிலநடுக்கம் ஒன்று, குற்றப்பத்திரிகை இரண்டு, ஒவ்வொன்றிலும் எழுதியவருக்குப் பிடிக்காதவர்களின் பெயர். (மலக்ரிதாவை 1761-இல் அதே விசாரணைச் சபை மதத்துரோகி என்று தீர்த்துக் கொன்றது. பின்னணியில் இருந்தது போர்ச்சுகல் அமைச்சர் பொம்பாலின் அரசியல் பகை.)

நம் பக்கத்தில் வேளாங்கண்ணி இருக்கிறது. 2004-இல், கிறிஸ்துமஸுக்கு மறுநாள் ஞாயிற்றுக்கிழமை சுனாமி வந்தது. பேராலயத்துக்குள் தண்ணீர் ஏறவில்லை, உள்ளே இருந்தவர்கள் பிழைத்தார்கள், மாதாவின் புதுமை என்று இன்றும் சொல்வார்கள். பிழைத்தவர்கள் நன்றி சொல்வதில் எனக்கு எந்த ஆட்சேபமும் இல்லை. ஆனால் கடற்கரையில் நின்றவர்களும் அதே மாதாவிடம் வந்த யாத்ரீகர்கள்தானே? அவர்களில் நூற்றுக்கணக்கானோர் செத்தார்கள். லிஸ்பனில் கோயிலுக்குள் இருந்தவர்கள் மேல் கூரை விழுந்தது, வேளாங்கண்ணியில் கோயிலுக்கு வெளியே நின்றவர்களைக் கடல் கொண்டுபோனது. இதிலிருந்து கடவுளின் கணக்கை எழுத முயல்பவர் பில்தாதின் வாரிசு.

இயேசுவிடமும் இதைக் கேட்டிருக்கிறார்கள். பிறவிக் குருடனைக் காட்டி, இவன் செய்த பாவமா, இவனைப் பெற்றவர்கள் செய்த பாவமா என்று சீடர்கள் கேட்கிறார்கள். இரண்டும் இல்லை என்கிறார் (யோவான் 9). சீலோவாமில் கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் செத்தார்களே, அவர்கள் மற்றவர்களைவிடக் குற்றவாளிகளா என்று அவரே கேட்டு, அல்ல என்கிறார் (லூக்கா 13). அடுத்த வரியில் மனந்திரும்பாவிட்டால் நீங்களும் கெட்டுப்போவீர்கள் என்று எச்சரிப்பதையும் மறைக்கக் கூடாது. ஆனால் செத்தவர்கள் மேல் பழி போடவில்லை.

இனி உங்கள் "ஏன்". தீமை என்பது தனிப் பொருள் அல்ல, நன்மையின் குறைவு என்றார் பழைய திருச்சபைச் சிந்தனையாளர் அகஸ்தீன். சித்தாந்தமாக அழகாக இருக்கிறது. கீமோ வார்டில் அது எடுபடாது. மனிதனின் சுய சித்தத்தால் வந்த வினை என்பார்கள். போருக்கும் கொலைக்கும் அது பொருந்தும், ஆறு வயதுப் பிள்ளையின் எலும்பு மஜ்ஜைக்குப் பொருந்தாது. துன்பம் ஆத்துமாவைப் பக்குவப்படுத்தும் என்று அகஸ்தீனுக்கும் முந்திய இரேனியூஸ் என்ற பிஷப்பைத் துணைக்கு அழைப்பவர்களும் உண்டு. யார் ஆத்துமா பக்குவப்பட யார் பிள்ளை சாவது? எனக்கு ஓரளவு மரியாதை தோன்றுவது போன்ஹோபர் என்ற ஜெர்மன் போதகர் மேல். நாஜிச் சிறையிலிருந்து 1944-இல் எழுதிய கடிதத்தில், துன்பப்படுகிற கடவுளால் மட்டுமே உதவ முடியும் என்றார். அடுத்த ஏப்ரலில் அவரைத் தூக்கிலிட்டார்கள். ஆனால் கூட இருந்து அழுகிற கடவுளிடம் சுகம் கேட்டு உபவாசம் இருப்பதில் என்ன பொருள் என்று உங்கள் தங்கை கேட்டால், என்னிடம் பதில் இல்லை.

யோபுக்கும் பதில் கிடைக்கவில்லை. பெருங்காற்றிலிருந்து கடவுள் பேசுகிறார்; வரையாட்டையும் தீக்குருவியையும் (நெருப்புக்கோழி) காட்டுகிறார். யோபைச் சோதித்துப் பார்க்க முதல் அதிகாரத்தில் சாத்தானுக்கு அனுமதி கொடுத்த பேச்சைப் பற்றி மட்டும் வாயே திறப்பதில்லை. நமக்குத் தெரியும், யோபுக்குக் கடைசிவரை தெரியாது. எனக்கு அது உறுத்துகிறது. கடைசியில் ஆடு ஏழாயிரம் பதினாலாயிரமாகிறது, ஒட்டகம் மூவாயிரம் ஆறாயிரமாகிறது. பிள்ளைகள் மட்டும் முன்போலவே ஏழு ஆண், மூன்று பெண். முதல் பத்துப் பேரும் பரலோகத்தில் உயிரோடு இருப்பதால் கணக்கு இரண்டத்தனைதான் என்று பிரசங்கிகள் விளக்குவார்கள். இருக்கலாம். "இன்னொரு பிள்ளை பிறக்கும்" என்று யாராவது தங்கையிடம் ஆறுதலாகச் சொல்ல வந்தால் வாசலிலேயே தடுத்துவிடுங்கள்.

நீங்கள் கிறிஸ்தவரா என்பதை நான் தீர்மானிக்க முடியாது. ஆனால் "ஏன் என்னைக் கைவிட்டீர்" என்று சிலுவையில் கேட்டவரின் பெயரைத் தாங்கிய மதத்தில், அதே கேள்வியைக் கேட்டதற்காக உங்களை வெளியே தள்ள யாருக்கும் அதிகாரம் இல்லை.

நினைவு ஜெபத்துக்குப் போங்கள். ஆனால் அங்கே என்ன நடக்க வேண்டும் என்பதை நீங்கள் முடிவு செய்யுங்கள். ஐயரிடம் முன்கூட்டியே பேசி, 88-ஆம் சங்கீதத்தை வாசிக்கச் சொல்லுங்கள். முறையிட்டுத் தொடங்கி, ஒரு ஸ்தோத்திர வரிகூட இல்லாமல் முடிகிற சங்கீதம் அது. பிரசங்கம் வேண்டாம். யோபின் நண்பர்கள் செய்த ஒரே நல்ல காரியம், வந்தவுடன் ஏழு நாள் ஒரு வார்த்தையும் பேசாமல் தரையில் உட்கார்ந்திருந்தது. சபையார் ஒரு மணி நேரம் அப்படி இருந்தால் போதும். தங்கை வர மறுத்தால் வற்புறுத்த வேண்டாம். இத்தனை நாளாக அவர் சாப்பிடாமல் இருப்பதை விசுவாசப் பிரச்சினையாகப் பார்க்காமல், இந்த வாரமே ஒரு டாக்டரிடம் அழைத்துப் போங்கள்.