நியாயப்பிரமாணம் என்னும் உபாத்தி

கேள்வி: நியாயப்பிரமாணத்தை (மோசேயின் வழியாக இஸ்ரவேலருக்குத் தேவன் கொடுத்த சட்டத்தை) அழிக்க வரவில்லை, நிறைவேற்றவே வந்தேன் என்று மத்தேயு 5:17-இல் இயேசு சொல்லியிருக்க, கிறிஸ்தவர்கள் அதிலுள்ள விருத்தசேதனத்தையும் (ஆண்களின் நுனித்தோலை நீக்கும் சடங்கு) உணவு விதிகளையும் கைக்கொள்ளாதது ஏன்?

பதில்: நிறைவேற்றுதல் எப்படிப்பட்டது என்பதை மாற்கு முதலாம் அதிகாரத்தில் காணலாம். தீட்டுள்ளவன் என்று ஒதுக்கப்பட்ட குஷ்டரோகியை இயேசு கைநீட்டித் தொட்டபோது, தீட்டு அவரைப் பற்றவில்லை. அவருடைய சுத்தமே அம்மனிதனைச் சேர்ந்தது. ஆயினும், ஆசாரியனுக்கு உன்னைக் காண்பித்து, மோசே கட்டளையிட்டதைச் செலுத்து என்றே அவனை அனுப்பினார். இந்த இரண்டையும் சேர்த்து வாசிக்காதவர்களே நியாயப்பிரமாணத்தை ஒன்று வெறுக்கிறார்கள், அல்லது சுமையாக்குகிறார்கள் என்பது என் எண்ணம்.

கலாத்தியர் 3:24-இல் பவுல் அதை ‘உபாத்தி’ என்கிறார். மூலத்திலுள்ள கிரேக்கச் சொல், எஜமானின் பிள்ளையைப் பள்ளிக்கு அழைத்துச் சென்று, கண்டித்துக் காக்கும் வீட்டு அடிமையைக் குறிப்பது. பிள்ளை வளர்ந்ததும் அவனுடைய பொறுப்பு முடிந்துவிடும், அவன் பழக்கிய ஒழுக்கமோ பிள்ளையோடு தங்கிவிடும்.

ஆகவேதான் அப்போஸ்தலர் 15-இல் எருசலேமில் கூடிய அப்போஸ்தலரும் மூப்பரும், புறஜாதி (யூதரல்லாத) விசுவாசிகள்மேல் விருத்தசேதனத்தைச் சுமத்தாமல், விக்கிரகங்களுக்குப் படைத்தவை, இரத்தம், நெருக்குண்டு செத்தவை, வேசித்தனம் ஆகிய நான்கையும் விலக்கும்படி மட்டுமே எழுதினார்கள். தேவனிடத்திலும் பிறனிடத்திலும் அன்புகூரும் கட்டளைகளையோ, இயேசுவே உபாகமம் 6:5, லேவியராகமம் 19:18 ஆகிய வசனங்களிலிருந்து எடுத்து, பிரதானமானவை என்று நிலைநிறுத்தினார்.