வாசகர் கேள்வி பதில்: முடிவு தெரிந்த கதை

கேள்வி: காதல் நாவலில் நாயகனும் நாயகியும் கடைசியில் சேர்ந்துவிடுவார்கள் என்பது முதல் அத்தியாயத்திலேயே தெரிந்துவிடுகிறது. அப்படியிருந்தும் முந்நூறு பக்கங்களை ஒரே மூச்சில் படித்து முடிக்கிறேன். இது என்ன விந்தை?
(வாசகி, கும்பகோணம்)

பதில்: தெரிந்திருப்பதால்தான் படிக்கிறீர்கள். அமெரிக்கக் காதல் நாவலாசிரியர்கள் 1980இல் தொடங்கிய சங்கம் இவ்வகை நாவலுக்கு இரண்டே நிபந்தனைகளை வகுத்தது. காதலே கதையின் மையமாக இருக்க வேண்டும். முடிவு மனத்துக்கு நிறைவையும் நம்பிக்கையையும் தர வேண்டும். துப்பறியும் கதையில் கொலையாளி அகப்பட்டே தீருவான் என்பதைப் போல, இதுவும் எழுதுபவருக்கும் படிப்பவருக்கும் இடையிலான ஓர் ஒப்பந்தம். ஜானிஸ் ராட்வே என்ற ஆய்வாளர் 1984இல் வெளியிட்ட நூலுக்காக அமெரிக்க ஊர் ஒன்றின் காதல் நாவல் வாசகியரிடம் நெடுநேரம் பேசினார். வாங்குவதற்கு முன்பே கடைசிப் பக்கங்களைப் புரட்டி, முடிவு சுபம்தானா என்று உறுதிசெய்துகொள்ளும் வழக்கம் அவர்களிடம் இருந்தது. நம் ஊர் வாடகை நூல் நிலையங்களில் அலமாரி ஓரமாக நின்று இதே காரியத்தைச் செய்தவர்கள் பலருண்டு. அவர்களில் நானும் ஒருவன்.

முடிவு உறுதியானதும், 'சேர்வார்களா' என்ற கவலை போய், 'இந்தக் குணமுள்ள இருவர் எப்படித்தான் சேர முடியும்' என்ற ஆவல் வந்து உட்கார்ந்துகொள்கிறது. நிறைவு தரும் நாவல் இந்த ஆவலுக்கு நேர்மையாக விடை சொல்கிறது. ஜேன் ஆஸ்டின் 1813இல் வெளியிட்ட 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' நாவலையே எடுத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 61 அத்தியாயங்கள். சரிபாதியைச் சற்றே தாண்டிய 34ஆவது அத்தியாயத்தில் நாயகன் டார்சி தன் காதலைச் சொல்கிறான். சொல்லும்போதே நாயகி எலிசபெத்தின் குடும்பம் தன் தகுதிக்குக் குறைந்தது என்பதையும் விரிவாக எடுத்துரைக்கிறான். மறுக்கப்படுவோம் என்ற நினைப்பே அவனுக்கு இல்லை. அவள் மறுத்துவிடுகிறாள். அவள் தங்கை ஒருவனோடு ஓடிப்போய்க் குடும்பமே தலைகுனிந்து நிற்கும்போது, டார்சி பணம் கொடுத்து அவர்கள் திருமணத்தை நடத்திவைக்கிறான். அது அவளுக்குத் தெரியவே கூடாது என்றும் கேட்டுக்கொள்கிறான். 58ஆவது அத்தியாயத்தில் மறுபடி கேட்கிறபோது, உன் மனம் மாறவில்லையென்றால் ஒரு சொல் போதும், இனி இதைப் பற்றிப் பேசவே மாட்டேன் என்கிறான். கொடுப்பவனின் தோரணையில் வந்தவன் கேட்பவனாக மாற 24 அத்தியாயங்கள் ஆகியிருக்கின்றன. எலிசபெத்தும் சும்மா காத்திருக்கவில்லை. மனிதர்களை எடைபோடுவதில் கெட்டிக்காரி என்று தன்னைப் பற்றி வைத்திருந்த எண்ணத்தை அவள் கைவிட வேண்டியிருந்தது. இருவரும் ஆளுக்கொன்றை இழந்த பிறகே சேர்வதால்தான், தெரிந்த முடிவு என்றாலும் அது வரும்போது நமக்குத் தொண்டை அடைக்கிறது.

கேள்வி: இணையத்தில் தொடராக வரும் நாவல்களில், ஒரு சிறு சந்தேகத்தை வைத்துக்கொண்டு இருபது யூடி (அப்டேட், அதாவது தொடரின் அடுத்தடுத்த பகுதிகள்) ஓட்டிவிடுகிறார்கள். எனக்கு எரிச்சல் வருகிறது. பிணக்கே இல்லாமல் காதல் கதை எழுத முடியாதா?
(வாசகி, மதுரை)

பதில்: எரிச்சல் நியாயமானதுதான், ஆனால் பழியைப் பிணக்கின் மீது சுமத்தாதீர்கள். காமத்துப்பாலின் 25 அதிகாரங்களில் கடைசி மூன்றையும் வள்ளுவர் ஊடலுக்கே ஒதுக்கியிருக்கிறார். 'உப்பமைந் தற்றால் புலவி அதுசிறிது மிக்கற்றால் நீள விடல்' என்று அளவையும் சொல்லிவைத்தார். ஊடல் உணவுக்கு உப்பு அமைந்தது போன்றது. அதை நீள விடுவது உப்பு சற்றே கூடிப்போனது போன்றது. உங்கள் இருபது யூடிக்கு இதைவிடப் பொருத்தமான விமரிசனத்தை நான் எழுதிவிட முடியாது.

அளவைவிட முக்கியமானது, பிணக்கு எங்கிருந்து பிறக்கிறது என்பது. நாயகி தன் அத்தை மகனோடு பேசிக்கொண்டிருப்பதை நாயகன் தூரத்திலிருந்து பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் வெளிநாட்டுக்குப் போய்விடுகிறான் என்றால், ஒரு தொலைபேசி அழைப்பில் தீர்ந்திருக்க வேண்டிய விஷயம் அது. தீராமல் வைத்திருப்பது எழுதுபவரின் தேவை. இதற்கு மாறாக, குறளின் 'புலவி நுணுக்கம்' அதிகாரத்தில் தலைவன் தும்முகிறான். வாழ்த்துகிற தலைவி, வாழ்த்திய வாயோடு, யார் நினைத்ததால் தும்மினீர் என்று அழுகிறாள். அடுத்த குறளில் அவன் தும்மலை அடக்கிக்கொள்கிறான்; உம்மவர் உம்மை நினைப்பதை எனக்கு மறைக்கிறீரோ என்று அதற்கும் அழுகிறாள். இங்கே விளக்கம் கொடுத்துத் தீர்க்க எதுவுமே இல்லை, ஏனென்றால் சந்தேகம் தும்மலில் இல்லை, இழந்துவிடுவோமோ என்ற அவளுடைய அச்சத்தில் இருக்கிறது. நல்ல நாவலின் தடை இப்படித்தான் பாத்திரத்தின் உள்ளிருந்து வரும். அப்பா கைவிட்ட வீட்டில் வளர்ந்த பெண் ஒருத்தி, கணவன் ஒரு மணி நேரம் தாமதமாக வந்தாலே பெட்டியைக் கட்டத் தொடங்குகிறாள் என்று எழுதிப் பாருங்கள். இருபது யூடியும் வாசகர்கள் பொறுத்துக்கொள்வார்கள்.

கேள்வி: 'ஆன்டி ஹீரோ' கதைகளில் நாயகியை மிரட்டி, அவமதித்து, அடிக்கவும் செய்கிறவன் கடைசியில் மன்னிப்புக் கேட்டால் போதுமா?
(வாசகர், திருச்சி)

பதில்: போதாது. கோபக்காரன் வேறு, கொடுமைக்காரன் வேறு. கை நீட்டியவனை நாயகனாக ஏற்க என்னால் இயலவில்லை. சொல்லால் மட்டும் காயப்படுத்தியவன் என்றாலும், முப்பது அத்தியாயத் தவற்றுக்கு மூன்று பத்திக் கண்ணீர் ஈடாகாது. அவன் வருந்துவதை நாயகி மட்டுமன்றி, அவளை அவன் அவமதித்தபோது வேடிக்கை பார்த்தவர்களும் காண வேண்டும். மன்னிக்கலாமா என்று யோசிக்க அவளுக்குச் சில அத்தியாயங்களாவது தனியே கிடைக்க வேண்டும். அந்த அத்தியாயங்களில் அவளுக்கு ஒரு வேலையும் சொந்தச் சம்பளமும் இருந்தால், அவள் மன்னிப்பது வேறு போக்கிடம் இல்லாததால் அல்ல என்பதை நாம் நம்பலாம்.

கேள்வி: எபிலாக்கில் (கதை முடிந்தபின் வரும் பின்னுரைக் காட்சியில்) இரட்டைக் குழந்தைகள் கட்டாயமா?
(வாசகி, சேலம்)

பதில்: கட்டாயமில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் அவன் காபி போட்டு, அவள் அதைக் குடித்துவிட்டுச் சர்க்கரை போதவில்லை என்று சொன்னால்கூட எனக்குப் போதும்.