முதலில் காது, அப்புறம் பெயர்

வணக்கம் ஐயா. நான் மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் படிவம் நான்கு படிக்கிறேன். பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம்.முக்குத் தமிழ் இலக்கியம் எடுத்திருக்கிறேன். மோனை, எதுகை, இயைபு மூன்றுக்கும் விளக்கம் மனப்பாடமாகச் சொல்வேன். ஆனால் ஒரு செய்யுளைக் கொடுத்து இதில் எதுகை எது என்று கேட்டால் விழிக்கிறேன். உவமையும் உருவகமும்கூடக் குழப்புகின்றன. அப்பா செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்கிறார். வீட்டில் பாட்டி மட்டும்தான். பாடம் கேட்க ஆளில்லை.

- ஒரு மாணவி

அன்புள்ள மகளுக்கு,

பாட்டி இருக்கிறாரே, அவரிடமே கேட்கலாம். 'மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம்' என்று அவர் சொல்லிக் கேட்டிருப்பாய். அதை வாய்விட்டுச் சொல்லிப் பார். மாமியார், மண்குடம், மருமகள் என்று சொல்லின் தொடக்கத்தில் ஒரே ஓசை வருகிறதே, அது மோனை. இரண்டு பாதியும் 'குடம்' என்று முடிகிறதே, அது இயைபு. பெயர் தெரியாமலே இரண்டும் உன் காதில் ஏறியிருக்கின்றன.

எதுகையில்தான் நீ நிற்கிறாய் என்று தோன்றுகிறது. இரண்டாம் எழுத்து ஒன்றி வரவேண்டும், சரி. எந்தச் சொல்லின் இரண்டாம் எழுத்து? குறள் என்றால் முதலில் ஒவ்வோர் அடியின் முதல் சீரை, அதாவது இடம் விட்டு எழுதியிருக்கும் முதல் துண்டை மட்டும் பார்.

கற்க கசடறக் கற்பவை கற்றபின்
நிற்க அதற்குத் தக

கற்க, நிற்க. இரண்டிலும் இரண்டாம் எழுத்து 'ற்'. இது அடி எதுகை. முதல் அடியின் நான்கு சீரும் 'க'வில் தொடங்குகின்றன, அது முற்று மோனை. எத்தனை முறை சொன்னாலும் எனக்கு அலுக்காத அடி இது.

இன்னொரு நிபந்தனையைப் பலர் விட்டுவிடுகிறார்கள். எதுகையில் முதல் எழுத்தின் அளவும் ஒத்திருக்க வேண்டும். பட்டு, கட்டு எதுகை. பட்டு, பாட்டு எதுகை ஆகாது. ஒன்று குறில், மற்றது நெடில். 'ஆடிப் பட்டம் தேடி விதை' என்பதில் ஆ, தே இரண்டுமே நெடில், அதனால் பொருந்துகிறது. மோனையில் இந்தக் கண்டிப்பு இல்லை. அ, ஆ, ஐ, ஔ ஓரினம். 'அகர முதல எழுத்தெல்லாம் ஆதி' என்ற அடியில் அகரவுக்கும் ஆதிக்கும் மோனை உண்டு.

உவமை, உருவகத்துக்கு ஒரே சோடி போதும். மலர்விழி என்றால் மலர் போன்ற விழி, உவமை. விழிமலர் என்றால் விழியே மலர், உருவகம்.

விளக்கங்களைக் கொஞ்ச நாள் மூடி வை. தினமும் ஒரு குறளை உரக்கப் படி, ஓசை ஒத்து வரும் இடத்தில் பென்சிலால் கோடு போடு, பெயரை அப்புறம் எழுது. பாட்டியிடம் நாலைந்து பழமொழி கேட்டு, நீயே பிரித்துப் பார்த்து எனக்கு அனுப்பு. திருத்தி அனுப்புகிறேன்.